கூலிக்கு ஆட்டித் தரும் ஊர்ச் செக்கு: ஒரு மதிப்பீடு

திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில், தகரக் கொட்டகை ஒன்றில் மூன்று மரச்செக்குகளை வைத்து, சுற்றுவட்டார மக்கள் கொண்டுவரும் கடலையையும் எள்ளையும் கொப்பரையையும் அவர்கள் கண்முன்னே ஆட்டிக் கொடுக்கிறார் ஒருவர். பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை. செக்கு எங்கே என்று கேட்டால் ஊரில் யாரும் கைகாட்டுவார்கள். எங்கள் வீட்டுச் சமையலுக்கான எண்ணெய் முழுவதும் இப்போது அங்கிருந்துதான் வருகிறது. நகரக் கடைகளில் புட்டியில் அடைத்து விற்கப்படும் மரச்செக்கு எண்ணெயைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். விளைந்த வித்தைச் சுமந்துகொண்டு போய், ஆட்டுக்கூலி கொடுத்து, எண்ணெயையும் பிண்ணாக்கையும் வீட்டுக்கு எடுத்துவரும் பழைய ஏற்பாட்டைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஒரு கிராமம் தன் அன்றாடத் தேவைகளைத் தானே நிறைவு செய்துகொள்வது எளிதில் நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் இடம் இந்தச் செக்குக் கொட்டகைதான் என்பதால், அதன் நிறைகளையும் குறைகளையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலை நடக்கும் விதம். உரலும் உலக்கையும் வாகை மரத்தில் செய்தவை, சுற்றுவதற்கு மின்மோட்டார். ஒரு முறைக்கு 12 முதல் 15 கிலோ பருப்பு உரலில் விழுகிறது. உலக்கை மெதுவாகத்தான் சுழல்கிறது. நின்று பார்த்தால் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிவிடலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்க, பிண்ணாக்கு உரலின் பக்கவாட்டில் இறுகிப் படிகிறது. அப்போது எண்ணெயைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கும். இரும்புத் திருகு எந்திரங்களிலிருந்து வழியும் எண்ணெயைப் போலக் கை பொறுக்காத சூடு இராது. கடலைக்கு இடையில் சிறிது தண்ணீர் தெளிக்கிறார்கள். எள்ளுக்குக் கருப்பட்டியை உடைத்துப் போடுகிறார்கள். அதன் பிசுபிசுப்பில் சக்கை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எண்ணெய் தெளிவாகப் பிரிகிறது. எவ்வளவு தண்ணீர், எப்போது என்பதற்கு அளவுகோல் எதையும் காணோம். கேட்டபோது செக்குக்காரர் சொன்னார்: “தண்ணி கூடிப் போனா எண்ணெய் நிக்காதுங்க, கொறஞ்சா பிண்ணாக்கு சேராதுங்க. அன்னிக்குக் கடலை எப்படிக் காஞ்சிருக்கோ, அதைப் பாத்துத்தான் தெளிக்கணும்.” பருப்பை இரண்டு விரல்களுக்கு இடையில் நசுக்கிப் பார்த்து அவர் முடிவு செய்கிறார். இந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம் என்று நான் கருதுகிறேன். மோட்டாரும் உரலும் பணம் இருந்தால் யாரும் வாங்கிவிடக் கூடியவை.

கூலியை இரண்டு வகையில் கொடுக்கலாம். கிலோவுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிண்ணாக்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். அல்லது பிண்ணாக்கை அங்கேயே விட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் எண்ணெயை மட்டும் எடுத்து வரலாம். மாடு வைத்திருப்பவர்கள் முதல் வகையையும், இல்லாதவர்கள் இரண்டாவதையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் காசில்லாத நாளிலும் ஒரு குடும்பம் எண்ணெய் ஆட்டிக்கொண்டு போக முடிகிறது என்பது இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய சிறப்பு. விளைச்சல் வீட்டில் இருந்து, பணம் மட்டும் இல்லாத நிலை கிராமத்தில் எத்தனை முறை வரும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு தேவைப்படுகிறது. தோலோடு இருக்கும் கடலையில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு பருப்பு தேறும் என்பதால், லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ காய் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் மூன்று லிட்டர் செலவழித்தால் ஆண்டுக்கு 36 லிட்டர். அதற்கு 125 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட காய். அடுத்த பட்டத்துக்கு விதைக்கு எடுத்து வைப்பதையும் சேர்த்தால் 150 கிலோவை நெருங்கும். மழை ஏமாற்றாத ஆண்டில் கால் ஏக்கர் மானாவாரி நிலம் இதைத் தந்துவிடும். கிணற்றுப் பாசனம் இருந்தால் அதைவிடக் குறைந்த நிலமே போதும். ஒரு குடும்பத்தின் ஓராண்டு எண்ணெய் 25 சென்ட் நிலத்தில் அடங்கிவிடுகிறது என்பதை, தற்சார்பு என்றாலே பெரும் துறவு போலப் பேசுவோரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். அதோடு கடலைக்கொடி மாட்டுக்குத் தீவனம். வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, சேர்க்கின்றன. எங்கள் பகுதி மணிலா என்று இங்கே சொல்லப்படும் நிலக்கடலைக்குப் பேர்போன பகுதி, டி.எம்.வி. என்ற முன்னெழுத்துகளோடு நாடெங்கும் அறியப்பட்ட கடலை ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவைதான். இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, கடலையை மூட்டையாக விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பாக்கெட் எண்ணெயை வாங்கிச் சமைக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவியிருப்பது வருத்தத்துக்குரியது.

இந்த வழக்கம் தானாக வந்துவிடவில்லை. 1986இல் மத்திய அரசு தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தின் பயனாக, 1990களின் தொடக்கத்தில் இந்தியா சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவை எட்டியிருந்தது. 1994இல் பாமோலின், அதாவது பாமாயிலிலிருந்து பிரித்தெடுத்த திரவ எண்ணெயின் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற எண்ணெய்களும் அவ்வாறே வந்தன. இன்று நாடு உண்ணும் எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்டது கப்பலில் வருகிறது. அதில் ஏறத்தாழப் பாதி, பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைந்த பாமாயில். தமிழ்நாட்டில் 2007இலிருந்து சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் நியாயவிலைக் கடைகளில் பாமாயில் மானிய விலையில் கிடைக்கிறது. ஏழைக் குடும்பத்தின் சட்டியில் எண்ணெய் விழ அது உதவியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆகவே அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். அந்த மானியத்தை உள்ளூர்க் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கொடுத்து, அவற்றையும் நியாயவிலைக் கடையில் விற்க வேண்டும் என்று உழவர் அமைப்புகள் கேட்டு வருகின்றன. அக்கோரிக்கை நிறைவேறுமானால், இது போன்ற கொட்டகைகள் வட்டத்துக்குப் பத்தேனும் எழும் என்பது என் நம்பிக்கை.

செக்கில் எண்ணெயைவிட அதிகம் கவனிக்க வேண்டியது பிண்ணாக்கு. பருப்பின் எடையில் பாதிக்கு மேல் பிண்ணாக்காகத்தான் வெளியே வருகிறது. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை தழைச்சத்து உண்டு. அதை மாடு தின்று சாணமாக்கினாலும், ஊறவைத்து நேரே செடிக்கு ஊற்றினாலும், நிலத்திலிருந்து எடுத்ததில் பெரும்பங்கு நிலத்துக்கே திரும்பிவிடுகிறது. மரச்செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய்ப் பசை கூடுதலாக நிற்பதை ஆலைக்காரர்கள் திறமைக் குறைவு என்பார்கள். மாட்டின் பக்கமிருந்து பார்த்தால் அது குறையே இல்லை. பிண்ணாக்கு வைத்த நாளில் பால் திடமாக இருக்கிறது என்பது இந்த ஊர்ப் பெண்கள் அனைவரும் சொல்லும் செய்தி. ஆலையில் கரைப்பான் ஊற்றி எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரை பிரித்தெடுத்த சக்கை தீவனத் தொழிற்சாலைக்குப் போய், மூட்டையில் அடைபட்டு, விலை ஏறி அதே ஊருக்குத் திரும்பி வருகிறது. வித்தை விற்றவர் எண்ணெயையும் தீவனத்தையும் தனித்தனியே விலைகொடுத்து வாங்குகிறார்.

இதை 1930களிலேயே தெளிவாகப் பார்த்தவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளியல் படிப்பும் முடித்தவர். காந்தியடிகள் 1934இல் வர்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் செயலாளரானார். கைக்குத்தல் அரிசி, வெல்லம், காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு செக்கும் அச்சங்கத்தின் முதன்மைப் பணிகளில் ஒன்றாக இருந்தது. அங்கே ஜவேர்பாய் பட்டேல் போன்றவர்கள் பழைய செக்கின் உரல் வடிவத்தையும் சுமை அமைப்பையும் மாற்றி, மாட்டின் உழைப்பு குறையவும் எண்ணெய் கூடுதலாக இறங்கவும் வழிகண்டார்கள். பழையதை அப்படியே போற்றி வைத்துக்கொள்வதற்கும், பழையதன் பயனை அறிந்து அதைத் திருத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பணியில் காணலாம். குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். நம் காலத்தில், திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, அண்டை ஊர்கள் சேர்ந்து தமக்கு வேண்டிய பொருள்களைத் தமக்குள்ளேயே ஆக்கிப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி வருபவர். இந்தக் கொட்டகை நடத்துபவர் இவர்களைப் பற்றியெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சுற்றிலும் உள்ள ஊர்களின் கடலை இங்கே வந்து, எண்ணெயாகவும் தீவனமாகவும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போகிறது.

எண்ணெயின் தரத்துக்கு வருகிறேன். கடலை எண்ணெய் பொன்னிறமாக, வறுத்த கடலையின் மெல்லிய மணத்தோடு இருக்கிறது; தாளிக்கும்போது அந்த மணம் பக்கத்து அறை வரை வருகிறது. நல்லெண்ணெய்தான் இங்கு ஆட்டப்படுவதில் தலைசிறந்தது. கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயை இட்லிப் பொடியில் குழைத்து உண்டவர்கள், கசப்பு நீங்கி அடியில் ஓர் இனிமை நிற்பதை உணர்வார்கள். ஊறுகாய்க்கும் இதற்கு இணையில்லை. தேங்காய் எண்ணெய் நன்றாக இருக்கிறது என்றாலும் சிறப்பாகச் சொல்வதற்கில்லை. நன்கு காய்ந்த கொப்பரை இந்தப் பகுதியில் எளிதில் கிடைப்பதில்லை, ஈரக் கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும்.

உடல்நலத்தைப் பற்றி மரச்செக்கு எண்ணெயின் பெயரால் சொல்லப்படும் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் என்கிறார்கள். தாவர எண்ணெய்களில் எதிலுமே கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. செக்கெண்ணெயானாலும் ஆலை எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். அளவுக்கு மீறினால் இரண்டும் கேடுதான். சுத்திகரிப்பில் காஸ்டிக் சோடா போன்ற காரமும் வெளுப்பு மண்ணும் 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீராவியும் சேர்ந்து எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் நீக்குகின்றன. இயற்கையான வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் அதில் போகிறது. செக்கெண்ணெயில் அவை அப்படியே நிற்கின்றன என்பது உண்மை. அதே காரணத்தால் அது சீக்கிரம் புகைகிறது, நுரைக்கிறது. மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பலகாரம் சுடுவதற்கு ஏற்றதன்று. இன்னொன்றும் உண்டு. பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. சுத்திகரிப்பில் நீங்கிவிடும் அந்த நஞ்சு, செக்கில் ஆட்டிய எண்ணெயில் ஓரளவும் பிண்ணாக்கில் பெருமளவும் தங்கிவிடும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது இறங்கும். ஆகவே கடலையைப் பறித்ததும் நன்றாக உலர்த்தி, சுருங்கியதையும் கறுத்ததையும் முளைவிட்டதையும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் ஆட்ட வேண்டும். இந்தச் செக்குக்காரர், ஈரக் கடலையை ஆட்ட மறுத்து ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். வந்த கூலியை வேண்டாம் என்று சொல்லும் அந்த உறுதிக்காகவே இந்த இடத்தை நான் பரிந்துரைப்பேன்.

நகரத்திலிருந்து அஞ்சலில் வரவழைக்கக்கூடிய மரச்செக்கு எண்ணெயையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதை விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அழகிய கண்ணாடிப் புட்டி, மாட்டின் படம், பாட்டியின் படம் எல்லாம் இருந்தன. எந்த ஊர்க் கடலை, எப்போது ஆட்டியது என்பது மட்டும் இல்லை. எண்ணெய் மோசமில்லை, ஆனால் மணம் மங்கியிருந்தது. பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு வித்து மட்டுமே 300 ரூபாய்க்கு அருகில் வரும். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, கூலியையும் மின்கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், 200 ரூபாய்க்கு விற்கப்படும் மரச்செக்குக் கடலை எண்ணெய் முழுவதும் கடலை எண்ணெய்தானா என்ற ஐயம் எழுவது இயல்பு. கண்முன்னே ஆட்டி வாங்குபவருக்கு அந்த ஐயத்துக்கே இடமில்லை.

மாடு கட்டிய செக்கில் ஆட்டினால்தான் உண்மையான செக்கெண்ணெய் என்று சிலர் வாதிடுகிறார்கள். நல்ல தீவனமும் ஓய்வும் தந்து மாட்டைப் பழக்கி ஓட்டுவோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும், அவர்களை மதிக்கிறேன். ஆனால் செக்கிழுப்பது கடும் உழைப்பு. கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்தது தண்டனையாகத்தான். மெதுவாகச் சுழலும் மோட்டார் அந்த உழைப்பை ஏற்றுக்கொண்டு, எண்ணெயின் தன்மையையும் கெடுக்காமல் இருக்கும்போது, மாடுதான் சுற்ற வேண்டும் என்று அடம்பிடிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கொட்டகைக் கூரையில் சூரியத் தகடுகள் பொருத்தி அந்த மோட்டாரை ஓட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். மின்தடை வந்தால் பாதி ஆட்டிய கடலை உரலிலேயே இறுகிக் கிடப்பது இப்போது இங்குள்ள பெரிய தொல்லை.

வேறு குறைகளும் இருக்கின்றன. அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் கூட்டம் மிகுந்து, காலையில் போனவர்கள் மாலை வரை காத்திருக்க நேர்கிறது. வரிசை எண் கொடுக்கும் வழக்கம் இல்லை, தெரிந்தவர் மூட்டை முன்னே நகர்ந்துவிடுவதும் உண்டு. காத்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் உட்கார ஒரு திண்ணையோ, குடிநீரோ, கழிப்பிடமோ இல்லை. ஒரு செக்குக்கு வேண்டிய அளவு வித்து இல்லாத சிறு குடும்பங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அல்லது முன்பின் அறியாதவர் கடலையோடு சேர்த்து ஆட்டச் சொல்கிறார்கள். தன் வித்தின் எண்ணெய் தனக்கே என்ற நோக்கத்தோடு வருபவருக்கு இது ஏமாற்றம் தரும். இரண்டு மூன்று வீடுகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு சேர்ந்து வருவதே இதற்கு இப்போதைக்கு வழி. எள் ஆட்டிய உரலிலேயே கடலையைப் போட்டால் முதலில் வழியும் எண்ணெயில் எள்வாடை கலந்துவிடுகிறது. மூன்று செக்குகளில் ஒன்றை எள்ளுக்கென்றே ஒதுக்கிவிட்டால் இது தீரும். கொட்டகையின் ஒரு பக்கம் சாலையைப் பார்த்துத் திறந்திருப்பதால் லாரி போகும்போதெல்லாம் புழுதி உள்ளே வருகிறது. எண்ணெய் பிடிக்கும் பாத்திரங்களை மூடி வைக்கிறார்கள் என்றாலும் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். எடை போடும் தராசு நேர்மையானது. வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது வேறுபாடு எதுவும் இல்லை.

அங்கே விற்பனைக்கு இருக்கும் எண்ணெயை வாங்க மட்டும் செல்பவர்கள் இந்த இடத்தால் பாதிப் பயனைத்தான் பெறுவார்கள். நிலம் இல்லாதவர்கள்கூட, அறுவடைக் காலத்தில் விளைவித்தவரிடமே நேரில் கடலை வாங்கி, உடைத்து, காயவைத்து எடுத்துச் செல்லலாம். உழவருக்குத் தரகு மிச்சம், வாங்குபவருக்கு விலை மிச்சம். செல்வோர் பருப்பைக் கடும் வெயிலில் ஒரு நாளாவது உலர்த்திக் கொண்டு போவது நல்லது. பிளாஸ்டிக் கேனைத் தவிர்த்து, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கோ கண்ணாடிச் சாடியோ எடுத்துச் செல்ல வேண்டும். ஆட்டியவுடன் எண்ணெய் கலங்கலாகத்தான் இருக்கும். வாயில் வெள்ளைத் துணி கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை வடித்து வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளலாம். அடிக்கசடை எறிந்துவிட வேண்டாம், மாட்டுத் தவிட்டில் கலந்துவிடலாம். எள் ஆட்டுபவர்கள் கருப்பட்டியையும் தாங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டும். கொட்டகையில் தருவது சில நேரங்களில் சர்க்கரை கலந்த மட்டமான சரக்காக இருக்கிறது. அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன், மாற்றிக்கொள்வதாகச் சொன்னார்.